காப்புக் கையும் கருநீலக் காரும்

22-7-1938, வெள்ளிக்கிழமை.

இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். காரைக் கழுவிய பிறகு துடைக்காமல் ஈரத்தோடு வெயிலில் நிறுத்தினேன். காய்ந்ததும் மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்துவிட்டது. வெயிலில் எதுவும் நன்றாகத்தான் காயும் என்று நினைத்தது என் பிழை. சிறிய தவறு என்று எழுதியிருக்கிறேன். சிறியதுதானா என்று தெரியவில்லை.

பழனிமுத்து பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, எழுதியதை விரலால் தொட்டுத் தொட்டு மறுபடியும் படித்தான். காளப்பநாயக்கன்பட்டி இரவுப் பள்ளியில் அருணாசலம் வாத்தியார் வைத்த ஏற்பாடு அது. படிக்க வருகிறவர்கள் தினமும் தேதி போட்டு நாலு வரி சொந்தமாக எழுத வேண்டும். அதில் அன்றைக்குச் செய்த பிழை ஒன்றும் இருக்க வேண்டும். மற்றவர்கள் எழுதுவதற்குப் பிழை கிடைக்காமல் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பழனிமுத்துவுக்கு எதை எழுதுவது, எதை விடுவது என்பதுதான் திண்டாட்டம்.

அவன் கொல்லிமலைக்காரன். இருபது வயது. மலையில் சாமையோ ராகியோ மிளகோ எதுவானாலும் பாறையில் கொட்டி, வெயிலில் காயவைத்துத்தான் வீடு சேர்ப்பார்கள். மலையடிவாரத்துக்கு இறங்கி வந்து குப்புசாமி முதலாளியின் மிளகு மண்டியில் சேர்ந்த பிறகும் அவனுக்கு அதே வேலைதான். களத்தில் மிளகைப் பரப்புவான், காலால் கிளறுவான், அள்ளுவான். பச்சை மிளகு வெயில் பட்டால் கறுத்து மினுங்கும். கருநீலக் காரும் அப்படித்தான் மினுங்கும் என்று அவன் மனசு தன்பாட்டில் முடிவு கட்டிவிட்டது.

கார் குப்புசாமி சேலத்தில் வாங்கியது. பழைய வண்டிதான்; ஆனால் புதுப் பெயிண்டு அடித்து, ராஜா வீட்டு வண்டி மாதிரி வந்து நின்றது. அதைக் கழுவித் துடைக்க ஓர் ஆள் வேண்டும் என்றதும், மிளகில் கல் மண் இல்லாமல் பொறுக்குகிற பழனிமுத்துவின் நிதானத்தை நினைத்து முதலாளி அவனைக் கூப்பிட்டார்.

"ஆடி மாசம் முடியற வரைக்கும் பாக்கறேன். பெயிண்டுல ஒரு கோடு விழாம, ஒரு கறை படியாம வச்சிருந்தீன்னா கிளீனர் வேலை உனக்குத்தான். இல்லாட்டி வந்த வழியே மலையேறிக்க" என்றார்.

களத்தில் அவன் இடத்துக்கு மறுநாளே வேறு ஆள் வந்துவிட்டான். திரும்பிப் போக அந்த வேலை இல்லை. மலைக்குப் போனால் சோற்றுக்குப் பஞ்சமில்லை. காடு இருக்கிறது, கிழங்கு இருக்கிறது. ஆனால் அங்கே இரவுப் பள்ளி இல்லை. இரண்டாம் புத்தகத்தில் பாதி தாண்டியிருந்தான். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பதை யாரையும் கேட்காமல் படிக்கிறான். இந்த நிலையில் பாதியில் விட்டால், கற்ற எழுத்தெல்லாம் ஒவ்வொன்றாக மறந்து போகும் என்று அவனுக்குப் பயம்.

சனிக்கிழமை காலை சேலம் பஸ்ஸிலிருந்து முதலாளியின் கார் டிரைவர் ராசப்பன் வந்து இறங்கினான். பெண்டாட்டியைப் பார்த்துவிட்டு வந்த உற்சாகத்தில் விசில் அடித்துக்கொண்டே கொட்டகைக்குள் நுழைந்தவன், காரைப் பார்த்ததும் விசிலை நிறுத்தினான். ஒரு சுற்று வந்தான். இடுப்பில் கையை ஊன்றினான்.

"ஏண்டா பழனிமுத்து, நான் போறப்போ இங்க ஒரு காரை உட்டுட்டுப் போனேன். இது என்றா, காடை முட்டையாட்டம் நிக்குது?"

"கழுவி வெயில்ல காய வச்சேனுங்கண்ணா."

"காய வச்சியா? என்னது, வத்தலா போட்டே?"

பக்கத்துக் களத்தில் மிளகு சலித்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் வாய் அடங்காதவள் இருசாயி. முப்பது வயது இருக்கும். முதலாளி முன்னாலும் பயப்படாமல் பேசுவாள்.

"ஏனுங்க டிரைவரண்ணா, அவனை எதுக்குங்க வையறீங்க? காருக்கு அம்மை வாத்திருக்குதுங்க. நாலு வேப்பிலை சொருகி, மோர் ஊத்துங்க, இறங்கிரும்" என்றாள். சல்லடைகள் நின்று, களம் முழுக்கச் சிரிப்பு எழுந்தது.

ராசப்பனும் சிரித்துவிட்டான். கோபம் அவனிடம் நெடுநேரம் தங்காது. ஒரு புள்ளியை நகத்தால் தொடாமல், விரல் நுனியால் மட்டும் தடவிப் பார்த்தான்.

"மண்டிக் கிணத்துத் தண்ணி உப்பு. தண்ணி காஞ்சு போயிரும், உப்பு எங்க போகும்? அங்கியே உக்காந்துக்கும். நேத்து விழுந்ததுங்கறதால பொழைச்சே. இன்னும் நாலு நாள் உட்டிருந்தீன்னா பெயிண்டைத் தின்னு போட்டிருக்கும்."

குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீரைப் பானையோடு தூக்கி வந்து மெதுவாக ஊற்றினான். சேலத்திலிருந்து கொண்டுவந்த பையிலிருந்து மஞ்சள் நிறத்தில் மெத்தென்ற ஒரு தோலை எடுத்து நனைத்து, பிழிந்து, காரின் மேல் பரப்பி இழுத்தான். தோல் போன வழியில் தண்ணீரும் இல்லை, புள்ளியும் இல்லை. நீலம் பளிச்சென்று எழுந்து வந்தது. பழனிமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பாத்துக்க. ஆட்டுத்தோல்தான், பதப்படுத்தினது. மொதலாளி சொல்லி வாங்கியாந்தேன். இனி எப்பக் கழுவினாலும் இதுலதான் தொடைக்கணும். இந்தா" என்று ராசப்பன் நீட்டினான்.

பழனிமுத்து கையை நீட்டவில்லை. ஓரடி பின்னால் போனான்.

"என்றா, பாம்புச் சட்டையா இது? புடி."

"தொடக்கூடாதுங்கண்ணா. காப்புக் கட்டியிருக்கறேன்."

வலது கையைத் தூக்கிக் காட்டினான். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. அதில் முடிந்த காய்ந்த விரலி மஞ்சள் துண்டு. போன வருஷம் அவன் தம்பி சின்னானுக்கு அம்மை போட்டுப் பிழைக்கமாட்டான் என்ற நிலைக்குப் போய்விட்டது. பிழைத்தால் மூத்த மகன் ஊர் மாரியம்மனுக்குத் தீர்த்தக்குடம் எடுப்பான் என்று அம்மா அத்தாயி வேண்டிக்கொண்டாள். சின்னான் பிழைத்தான். பழனிமுத்து செவ்வாய்க்கிழமை மலைக்குப் போய்க் காப்புக் கட்டிக்கொண்டான். அடுத்த புதன்கிழமை குடம் எடுக்க வேண்டும். கீழே வேலை பார்க்கிறவன் என்பதால் ஊர் எல்லை தாண்டிப் போக மட்டும் பூசாரி உத்தரவு கொடுத்திருந்தார். மற்றபடி கவிச்சி கூடாது, பாயில் படுக்கக் கூடாது, தோலைத் தொடக் கூடாது.

"இதை அப்பவே சொல்றதுக்கு என்றா கேடு?"

"நீங்க தோல் வாங்கியாருவீங்கன்னு தெரியாதுங்களே."

சத்தம் கேட்டு முதலாளி குப்புசாமி மண்டிக்குள்ளிருந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். ராசப்பன் விஷயத்தைச் சொன்னான். முதலாளி காப்பைப் பார்த்தார், காரைப் பார்த்தார். அவருக்கு அது நல்ல நேரமாக இல்லை. திங்கட்கிழமை ராசிபுரம் போய், கல்யாணமான முதல் ஆடிக்கு மகளை அழைத்துவர வேண்டும். கார் வாங்கிய சேதி சம்பந்தி வீட்டுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. கார் எப்படி இருக்கிறது என்று பார்க்க அங்கே ஒரு தெருவே காத்திருக்கும்.

"காப்பை அவுருன்னு என் வாயால சொல்லமாட்டேன். நானும் புள்ளைகுட்டிக்காரன்" என்றார். "ஆனா காருக்குக் காப்புக் கட்டலியே. இன்னைக்குச் சேந்தமங்கலம் போயிட்டு வந்தா இது செம்மண்ணுல குளிச்சிரும். நாளைக்குச் சாயங்காலம் நான் வந்து பாக்கறப்போ கழுவித் தொடைச்சு, புள்ளியோ கோடோ இல்லாம நிக்கணும். நீதான் செய்யணும், ராசப்பன் கை வைக்கப்படாது. எதுல தொடைப்பியோ, அது உம்பாடு."

"சரிங்க."

"முள்ளுக்குறிச்சி மாணிக்கம் இந்த வேலைக்கு நடையா நடக்கறான். திங்கட்கிழமை காலைல வரச் சொல்லியிருக்கறேன். அதையும் இப்பவே சொல்லிப் போட்டேன்."

அவர் போன பிறகு ராசப்பன் தோலை மடித்துப் பையில் வைத்தான். "நான் என்ன பண்ணட்டும் சாமி" என்றான், நிஜமான வருத்தத்தோடு. "கண்ட துணியைப் போட்டுத் தேய்ச்சிராதே. பெயிண்டு இன்னும் பச்சைப் புள்ளை."

பச்சைப் பிள்ளையை எதில் துடைப்பது?

காரில் கை வைத்துச் சோதித்துப் பார்க்கிற தைரியம் பழனிமுத்துவுக்கு இல்லை. பெயிண்டு அடித்தவர் நிறம் பார்க்க அதே நீலம் பூசிக் கொடுத்த ஒரு தகரம் கொட்டகையில் கிடந்தது. அதை எடுத்து வந்து தண்ணீர் ஊற்றி, முதலில் தோள் துண்டால் துடைத்தான். நேராகப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தபோது தலைமுடி போலக் கோடுகள் தெரிந்தன. வேறொரு மூலையில் இலவம்பஞ்சை வைத்துப் பார்த்தான். பஞ்சு ஒட்டியது, கோடும் விழுந்தது. பஞ்சே கீறுமா என்று திகைத்தான். தகரத்தை நன்றாக அலசி, தூசி போனபின் அதே துண்டால் மறுபடி துடைத்தான். இப்போது கோடு குறைந்தது, ஆனால் போகவில்லை.

உட்கார்ந்து யோசித்தான். அவன் யோசனை எப்போதும் மெதுவாகத்தான் நடக்கும், ஒவ்வொரு அடிக்கும் நின்று திரும்பிப் பார்க்கும். கீறுவது துணி இல்லை, மண். துணி மண்ணைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. அலசினாலும் கண்ணுக்குத் தெரியாத பொடி கொஞ்சம் நின்றுவிடுகிறது. அப்படியானால் இழுக்கவே கூடாது. இழுக்காமல் எப்படித் துடைப்பது? இது சரியான யோசனைதானா, அல்லது மலைக்காரன் புத்திக்குத் தோன்றிய கோணல் யோசனையா?

"என்னடா, தகரத்துக்கு ஜோசியம் பாக்கறே?" இருசாயி சல்லடையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். "காருக்கு அம்மை இறங்கிருச்சா?"

"இறங்கிருச்சுங்கக்கா" என்றான் விளையாட்டாக. சொன்ன வாயைத் திறந்தபடியே நின்றான்.

சின்னானுக்கு அம்மை இறங்கி முதல் தண்ணீர் ஊற்றிய நாள் கண் முன்னால் வந்தது. வேப்பிலை போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். உடம்பெல்லாம் உதிரப் போகிற பொருக்கு. துண்டை எடுத்து வந்த இவனை அம்மா அதட்டினாள்: "தேய்ச்சிராதே! தோல் வந்துரும்." பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து, தம்பியின் முதுகில் பரப்பிப் போட்டு, உள்ளங்கையால் மெல்ல அழுத்தி, நேராக மேலே தூக்கி எடுத்தாள். ஈரமெல்லாம் துணியோடு வந்தது. ஒரு பொருக்குகூட உரியவில்லை.

தகரத்தில் தண்ணீர் ஊற்றினான். துண்டை நனைத்துப் பிழிந்து, பரப்பி, அழுத்தி, தூக்கினான். வெளிச்சத்துக்குச் சாய்த்தான். ஒரு முறை, பிறகு மறுபடியும் ஒரு முறை. புதுக் கோடு எதுவும் இல்லை. ஆனால் முரட்டுத் துண்டு எல்லா ஈரத்தையும் குடிக்கவில்லை. பொடிப் பொடியாகத் துளிகள் நின்றன.

"இதைவிட மெத்துன்னு ஒரு துணி வேணுங்கக்கா. பெரிசா. துவைச்சுத் துவைச்சு நைஞ்சு போனதா."

விஷயத்தைக் கேட்ட இருசாயி சல்லடையைக் கீழே இறக்கி வைத்தாள். "எம்பொண்ணு தூளிச் சேலை இருக்குது. நடக்கப் பழகிட்டா, இப்பத் தூளில போட்டா குதிச்சு ஓடியாந்தர்றா. எடுத்தாரேன். கிழிச்சுப் போடாதே, அடுத்ததுக்கு வேணும்."

"அடுத்ததுங்களா?" என்று பின்னாலிருந்து ராக்கம்மாள் என்கிற இன்னொருத்தி இழுத்தாள். "எப்பங்க? சொல்லவே இல்லை?"

"போடீ, உனக்குச் சொல்லிட்டுத்தான் பெக்கணுமா" என்று இருசாயி முகம் சிவக்கப் போனாள்.

சேலை வந்தது. எத்தனை முறை ஆற்றிலும் கிணற்றிலும் துவைபட்டதோ, கையில் வெண்ணெய் மாதிரி மடிந்தது. ஓரக் கரை மட்டும் விறைப்பாக இருந்தது. அது உரசும் என்று தோன்றியதால், இருசாயியைக் கேட்டுக்கொண்டு கரையைப் பிரித்து எடுத்தான். சேலையை அரப்புப் போட்டு அலசி, மண் படாமல் கொட்டகைக்குள்ளேயே கட்டிக் காயவைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது அவன் மலையடிவார ஓடையில் இருந்தான். மண்டிக் கிணற்றை அவன் இனி நம்பவில்லை. மலையிலிருந்து இறங்குகிற ஓடைத் தண்ணீரில் உப்பு இல்லை. பருப்பு அதில் சீக்கிரம் வேகும் என்பது அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். காவடித் தண்டின் இரு பக்கமும் தகர டின்னைக் கட்டித் தூக்கி வந்து தொட்டியில் ஊற்றினான். ஆடிக் காற்று எழும்புவதற்குள் முடிக்க வேண்டும். காற்று கிளம்பிவிட்டால் ஈரக் காரில் செம்மண் வந்து அப்பிக்கொள்ளும். அதனால் காரைக் சரக்கு அடுக்கும் கிட்டங்கியின் சுவர் மறைவில், நிழலில் நிறுத்தும்படி ராசப்பனிடம் கேட்டிருந்தான்.

"கை வைக்கப்படாதுன்னாரு. ஸ்டியரிங்கில வைக்கலாமில்ல?" என்று ராசப்பன் நிறுத்திக் கொடுத்துவிட்டு, ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான்.

முதலில் கையே படாமல் தண்ணீரை மட்டும் ஊற்றிச் செம்மண்ணை இறக்கினான். பிறகு சக்கரங்கள்; அதற்கான துணி வேறு. கூரையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பகுதியாகக் கழுவி, அது காய்வதற்கு முன்னே தூளிச் சேலையைப் பரப்பினான். அழுத்தினான். தூக்கினான். பிழிந்தான். மறுபடி பரப்பினான். கூரையைப் பார்த்தால் வானம் அதில் தெரிந்தது. மலையின் முதுகும் தெரிந்தது.

"டேய், புள்ளைக்குத் தண்ணி வாத்த மாதிரியே பண்றியேடா" என்றான் ராசப்பன்.

எல்லாம் சரியாகத்தான் போனது, பானெட்டின் ஓரத்தில் தண்ணீர் ஒழுகத் தொடங்குகிற வரை. காய்ந்துவிட்டது என்று நினைத்த இடத்தில், விளக்கின் வளையத்துக்குள்ளிருந்தும் கதவின் கீலிலிருந்தும் ஒளிந்திருந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. இடுக்குக்குள் துணி போகவில்லை. குச்சியில் துணி சுற்றி விடலாம் என்றால் குச்சி கீறும். அவன் கன்னத்தை உப்பி ஊதிப் பார்த்தான். தலை சுற்றியது.

ஞாயிற்றுக்கிழமை அரை நாள் வேலைக்கு வந்திருந்த இருசாயி அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடுப்பா ஊதறே? தள்ளு."

மிளகு புடைக்கிற முறத்தை எடுத்து வந்து விளக்கருகில் நின்று ஓங்கி வீசினாள். கையிலும் தோளிலும் பல வருஷம் பழகிய வீச்சு. வளையத்திலிருந்து தண்ணீர் சிதறிப் பறந்தது. ராக்கம்மாளும் ஒரு முறத்தோடு வந்தாள். ஒருத்தி கதவைத் திறந்து திறந்து மூட, இன்னொருத்தி கீலில் வீச, பழனிமுத்து வெளியே வருகிற சொட்டையெல்லாம் சேலையால் ஒற்றி எடுத்தான்.

"பதர் பறக்குதா பாருடி" என்று கத்தினாள் இருசாயி.

"பதர் இல்லக்கா, டிரைவரண்ணனோட மரியாதைதான் பறக்குது. பொம்பளைங்க வேலை செய்ய, அவரு கல்லு மேல உக்காந்திருக்காரு."

"எனக்குத் தடை உத்தரவு" என்றான் ராசப்பன், அசையாமல்.

வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்தது. காரைக் கொட்டகைக்குள் தள்ளி, வாசலில் தூசி பறக்காமல் தண்ணீர் தெளித்தான். மதியம் சோறு இறங்கியது. அந்த வாரத்திலேயே முதல் தடவையாகத் தன்மேல் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. நம்பிக்கை வந்தால் உடனே சரிபார்க்க வேண்டும் என்பது அவன் சுபாவம். சாயங்காலம், முதலாளி வருகிற நேரத்துக்குச் சற்று முன்னால், கொட்டகை வாசல் வழியே வெயில் சாய்வாக உள்ளே விழுந்தபோது, காரை ஒவ்வொரு பக்கமாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தான்.

கூரையில் ஒன்றுமில்லை. பானெட்டில் ஒன்றுமில்லை. வலது பக்கக் கதவில், கைப்பிடிக்குக் கீழே, ஒரு கோடு இருந்தது.

ஒரு சாண் நீளம். மெல்லியது. நேற்றுவரை இல்லாதது. துணி கீறவில்லை, மண் கீறவில்லை, அவன் இழுக்கவே இல்லையே? கையை அந்தக் கோட்டின் மேல் வைப்பது போல, தொடாமல், வைத்துப் பார்த்தான். சேலையைப் பரப்பி உள்ளங்கையால் அழுத்துகிறபோது மணிக்கட்டு கதவின் மேல்தான் இருந்திருக்கும். மணிக்கட்டில் தொங்கிய மஞ்சள் துண்டைத் திருப்பினான். காய்ந்து கல்லாகிப்போன விரலி மஞ்சள். அதன் முனையில் துளி நீலம் ஒட்டியிருந்தது.

தோலைத் தொடாமல் இருக்கப் பட்ட பாடெல்லாம் பட்டு, கடைசியில் காப்பே கோடு போட்டுவிட்டது.

காலையில் விட்டுப்போன முறத்தை எடுக்க வந்த இருசாயி பார்த்தாள். இந்த முறை சிரிக்கவில்லை. "அந்தக் கதவுக்கு முன்னால நீ நின்னுக்க. மொதலாளி அதையா குனிஞ்சு பாக்கப் போறாரு? நாளைக்கு மக வர்ற சந்தோசத்துல இருக்கறாரு. கண்ணு, நாஞ் சொல்றதைக் கேளு."

அவன் கதவுக்கு முன்னால் போய் நின்று பார்த்தான். உண்மையிலேயே கோடு மறைந்தது. நிற்க வேண்டிய நேரம் கொஞ்சம்தான். ஆனால் நாளைக்கு ராசிபுரத்தில் அந்தக் கதவைத்தான் மகள் திறப்பாள். சம்பந்தி வீட்டுக்காரர்கள் அங்கேதான் நிற்பார்கள். அவர்கள் சொல்லி முதலாளி தெரிந்துகொள்வதைவிட இவன் சொல்லித் தெரிந்துகொள்வது மேல். வேலை போனாலும் இப்படிப் போகட்டும் என்று நினைத்தான். அப்படி நினைத்ததும் இரண்டாம் புத்தகத்தின் பாக்கிப் பாதி ஞாபகம் வந்தது.

குப்புசாமி ராசப்பனோடு உள்ளே வந்தார். காரைப் பார்த்ததும் அவர் நடை மெதுவானது. ஒரு சுற்று வந்தார். பானெட்டில் தன் முகத்தைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்.

"தோல் தொடலியா?"

"இல்லீங்க."

"எதுல தொடைச்சே?"

"தூளிச் சேலைங்க. தொடைக்கலீங்க, ஒத்தி எடுத்தேன்." பிறகு, தைரியம் போவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று, "ஒரு கோடு உளுந்திருச்சுங்க. இந்தக் கதவுல. இந்தக் காப்பு மஞ்சள் உரசிருச்சுங்க. நான் பாக்கலீங்க" என்று நகர்ந்து நின்றான்.

முதலாளி குனிந்தார். நீண்ட நேரம் குனிந்திருந்தார். பழனிமுத்து தரையைப் பார்த்தான்.

"ராசப்பா, இது போகுமா?"

"மேலாகத்தான் இருக்குதுங்க. சேலத்துல ஒரு மெழுகு விக்கிது. போட்டா மங்கிரும், முழுசாப் போகாது" என்றான் ராசப்பன். பிறகு தொண்டையைச் செருமினான். "மொதலாளி, ஒண்ணு சொல்லோணுங்க. பின்பக்க மட்கார்டு அடில பாருங்க. நாலு கோடு. நேத்துச் சேந்தமங்கலம் ரோட்டுல வேலமுள்ளு இழுத்துது. நான் ஒட்டினதுதான். கோட்டுக்கு ஒரு ஆளை மாத்தறதுன்னா மொதல்ல நான்தான் மூட்டை கட்டோணுங்க."

"அதை நேத்தே சொல்றதுக்கு என்றா கேடு?"

"அதையேதான் நானும் இவனை நேத்துக் கேட்டேனுங்க" என்று ராசப்பன் தலையைச் சொறிந்தான்.

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை மீசைக்குள் மறைக்கப் பார்த்தார். கதவை ஒரு முறை திறந்து மூடினார். கீலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழவில்லை.

"கோடு கோடுதான். அதை நான் இல்லேன்னு சொல்லமாட்டேன்" என்றார். "ஆடி முடியட்டும், பொறவு பேச்சு. ஆனா நீ புதன்கிழமை குடம் எடுக்க மலைக்குப் போயிருவே. செவ்வாய், புதன், வியாழன் காரை ஆரு பாக்கறது? இவனைத் தொடைக்க உட்டா நாலு கோடு எட்டாயிரும். மாணிக்கம் காலைல வாரான். வந்தவனைத் திருப்பி அனுப்பப்போறதில்லே. மண்டில மூட்டை தூக்கட்டும். நீ இல்லாத நாளைக்கு அவன் காரைத் தொடைக்கட்டும். எப்படின்னு நீயே காட்டிக் குடு."

பழனிமுத்துவுக்கு அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரம் பிடித்தது. நீ இல்லாத நாளைக்கு என்றால், மற்ற நாளெல்லாம் தான் இருப்பதாகத்தானே அர்த்தம்? கேட்கலாமா என்று நினைத்தான். கேட்டு, அவர் இல்லை என்றுவிட்டால்? கேட்கவில்லை. "சரிங்க" என்றான்.

முதலாளி போனதும் இருசாயி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "மூஞ்சியைப் பாரு, வேலை கிடைச்சவனாட்டமா இருக்குது?"

"கிடைச்சிருச்சுங்களாக்கா?"

"போடா கிறுக்கா" என்று சிரித்துக்கொண்டே முறத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

விளக்கு வைத்ததும் பழனிமுத்து மணிக்கட்டுக் காப்பின் மேல் ஒரு துணிக் கிழிசலைச் சுற்றிப் பார்த்தான். மஞ்சள் துண்டு உள்ளே அடங்கியது, கயிறு அவிழவில்லை. அது போதுமா என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். போதும் போலத்தான் இருந்தது. அதன்பின் நாளைய வேலையை மனசுக்குள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டான். விடியும் முன் ஓடைத் தண்ணீர் கொண்டுவர வேண்டும். முதலாளி ராசிபுரம் கிளம்புமுன் இரவு படிந்த தூசியை அலசி, தூளிச் சேலையால் ஒற்ற வேண்டும். மாணிக்கம் வந்ததும் முதல் வேலையாக, அவன் விரலில் மோதிரமோ இடுப்பில் சாவியோ இருக்கிறதா என்று பார்த்துக் கழற்றி வைக்கச் சொல்ல வேண்டும்.